துவைத்து அனுப்பிய செருப்பு

பிள்ளைகளே, இங்கே இங்கிலாந்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர், மழையில் நடந்த பூட்ஸோடு நேரே சமையற்கட்டுக்கு வந்துவிடுவார். முதல் வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை. நான் வேலை செய்யும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு செய்கிறோம். உள்ளங்காலில் சூடோ அழுத்தமோ ஏறினால் கையில் கட்டிய பட்டை அதிரும். கருவி எஞ்சினியர்களுடையது, தோலை வெட்டித் தைப்பது, ஆம்பூரில் சாம்பிள் ஷூ செய்து பழகிய நான். "எங்கள் ஊரில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள், வீட்டுக்குள்தான் கால் புண்ணாகும்" என்று நான் சொன்னதைப் புரொபசர் அம்மா உடனே எழுதிக்கொண்டார். அப்படித்தான் வீட்டுக்குள் போடும் செருப்பு ஒன்று உருவானது.

அதைப் போட்டுப் பார்க்க மாதனூரில் உங்கள் அத்தையை விட்டால் யாரைக் கேட்பேன்? ஷூ கம்பெனியில் நின்றே தேய்ந்த கால். சர்க்கரை நோயில் மரத்தும் போனதால் முள் ஏறினாலும் தெரியாது. "சாமி படம் இருக்கிற வீட்ல செருப்பா? போடா" என்றார். "செருப்புன்னு நெனைக்காதக்கா, மருந்துன்னு நெனச்சிக்க" என்றேன். ஆய்வில் சேரச் சம்மதம் கேட்டு இங்கிலீஷ் ஃபாரம் போயிற்று. "நீ படிச்சிட்டியாடா?" என்று போனில் கேட்டார். முதல் பக்கம்தான் படித்திருந்தேன். "படிச்சிட்டேன், கையெழுத்து போடு" என்றேன். "இன்னாக்கா, துரைசானி ஆயிட்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டலடித்தும் எட்டு மாதம் அதைப் போட்டே நடந்தார். இரண்டு முறை பட்டை அதிர்ந்தது; இரண்டு முறையும் புண்ணாகுமுன் டாக்டரிடம் ஓடினார்.

ஒருநாள் புரொபசர் அம்மா, "ஆய்வு நல்லபடி முடிந்தது, உன் அக்காவுக்கு நன்றி" என்றார். "எப்போது அனுப்ப வேண்டும்?" என்றேன், ஊரில் எல்லாருக்கும் செருப்பு போகப்போகிற சந்தோஷத்தில். "அவசரமில்லை, இந்த மாதத்துக்குள் அவர் திருப்பி அனுப்பினால் போதும்" என்றார். ஃபாரத்தின் நாலாம் பக்கத்தில் இருந்ததாம். வீட்டுச் செருப்பை இனிச் செய்யப்போவதில்லையாம். இந்த ஊர்க்காரர்களுக்கான பூட்ஸ் மட்டும்தானாம். அக்காவுடையதையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். மென்மையாகத்தான் மறுத்தார். என்னை வைத்தே என் அக்காவை ஏமாற்றிவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை; எல்லாம் எழுத்தில் இருந்தது.

"இன்னாடா, குடுத்தத திருப்பிக் கேக்கறாங்க? கல்யாணத்துக்கு வாங்கன இரவல் நகையா?" என்று அத்தை போனில் சிரித்தார். பிறகு, "படிச்சிட்டேன்னு சொன்னியேடா" என்றார்.

போன வாரம் பார்சல் வந்தது. அடுத்தவர் பொருளை அழுக்காகத் திருப்பித் தரலாமா என்று, சோப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து அனுப்பியிருந்தார். உள்ளே கருவி செத்துப்போயிருந்தது. அன்றைக்கே உங்கள் அம்மா போனில் படம் அனுப்பினாள்: அத்தையின் குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். எப்போது வந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

கருவி கெட்டதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் போட்டிருந்த காரணம், பயன்படுத்தியவரின் தவறு. கீழே இரண்டு கட்டங்கள்: ஆய்வுக்கூட ஊழியர் ஒன்று, பயன்படுத்தியவர் சார்பாக ஒன்று. இரண்டுக்கும் நான் ஒருவன்தான். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தேன். ஊழியர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்றக் கட்டத்தின் மேல் பேனா அப்படியே நிற்கிறது.