டாக்டர் எங்களைப் பார்க்கவிடாத படம்

செவ்வாய்க்கிழமை காலை வேங்கிக்கால் அலுவலகத்தில் ஆய்வுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஜமீலின் அழைப்பு வந்தது. ஜமீல் தொலைபேசியில் அழைப்பவர் அல்ல. எதுவானாலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார். அதுவும் பெரும்பாலும் ஓர் ஆல்பத்தின் பெயரும் அதற்கு அவர் போடும் மதிப்பெண்ணும் மட்டும்தான். அதனால் எழுந்து வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "மேடம், நம்ம டாக்டர் இறந்துட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றார். பிறகு அவரே, "நேத்து ஒரு ரெக்கார்டிங் அனுப்பியிருந்தேன். பாத்திருக்காரு, டிக் நீலமாயிருக்கு. கேட்டாரான்னுதான் தெரியல" என்றார்.

கால்நடை மருத்துவர் குமரேசனை இந்தப் பக்கத்தில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். ரப்பர் பூட்ஸும் சிவந்த முகமுமாக அவர் தொழுவத்தில் வந்து நின்றதைப் பற்றி அவர்கள் சொல்ல நிறைய இருக்கும். நான் அறிந்த குமரேசன் வேறு. ஜெர்மனியில் அந்தக் காலத்திலேயே மின்னணுக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பாடகரும் பாட்டும் இல்லாமல், நீண்ட நீண்ட இசையை உருவாக்கிய ஒரு குழு இருந்தது. அதற்குத் திருவண்ணாமலையில் நான்கு ரசிகர்கள் இருந்தோம். எங்களில் முதலாமவர் அவர். செங்கம் சாலையில் கஃபே நடத்தும் சுகுமார், வங்கியில் வேலை பார்க்கும் ஜமீல், மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் இருக்கும் நான் ஆகிய மூவரும் அவர் வழியாக உள்ளே வந்தவர்கள்.

நான் வந்தது என் நாயால். அதற்குக் காதில் புண். மருத்துவமனையில் அவர் அறையின் மூலையில் ஒரு பழைய கேசட் பிளேயர் ஓடிக்கொண்டிருந்தது. நான்கைந்து சுரங்கள் திரும்பத் திரும்ப வந்தன. நாய்க்கு மருந்து போட்டு முடியும்வரை பொறுத்துவிட்டு, "டாக்டர், உங்க டேப் மாட்டிக்கிச்சு போலிருக்கு" என்றேன். அவர் கை கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "மாட்டிக்கல மேடம். இன்னும் கொஞ்சம் நில்லுங்க, மாறும்."

மரியாதைக்காக நின்றேன். இசை மாறியது. எப்போது மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே சுரங்கள்தாம், ஆனால் அறை பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. எண்களோடு பிழைப்பவள் நான். அளக்க முடியாததை எளிதில் நம்புவதில்லை. அன்று நாயைக் கையில் பிடித்தபடி, மாற்றம் தொடங்கிய இடத்தை மனதுக்குள் தேடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அடுத்த வாரம் நாயை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

அடி அண்ணாமலையில் அவர் வீட்டு முன்னறையில் ஞாயிறு பிற்பகல்களில் கூடுவோம். அவர் மனைவி மலர்விழி தேநீரை வைத்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். ஆல்பம் ஓடும்போது யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் சண்டை தொடங்கும். சுகுமாருக்குத் தாளமே இல்லாத ஆரம்பகால ஆல்பங்கள் மட்டும்தான் இசை. திரைப்படங்களுக்கு அவர்கள் போட்டதெல்லாம் கூலி வேலை என்பார். டாக்டர் அதை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. "யோவ் சுகுமாரு, ஆல்பத்துல அவங்களுக்குப் பிடிச்சதைப் பண்ணாங்க. படத்துல வேற ஒருத்தன் கேட்டதைப் பண்ணாங்க. அதுலயும் அவங்க மூஞ்சி தெரியுது பாரு, அதான்யா பெருசு" என்பார்.

ஒருமுறை பக்கத்துத் தெருப் பெண்மணி ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இசை நடுவில் இருந்தது. வாசலில் நின்று சற்று நேரம் கேட்டார். "இன்னா சார் இது, கிணத்துல தண்ணி இல்லாம மோட்டாரு ஓடற மாதிரி கீது" என்றார். டாக்டர் அந்த வாக்கியத்தை வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இந்தக் குழுவைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனம் யாரும் எழுதியதில்லை என்பது அவர் கட்சி. இன்னொருமுறை சுகுமார் தன் கஃபேக்கு வரும் ஜெர்மானியப் பெண் ஒருவரைப் பெருமையோடு அழைத்துவந்தார். அந்தக் குழுவின் பெயரைத் தன் அம்மா சொல்லிக் கேட்டதாக மட்டும் அவருக்கு நினைவிருந்தது. டாக்டர் அவருக்கு அவருடைய ஊரின் இசையைப் பற்றி மாலைவரை விளக்கினார். மௌனத்தைத் தேடி இந்த ஊருக்கு வந்தவர் அந்தப் பெண். அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

இனி அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

டாக்டரிடம் ஒரு திரைப்படத்தின் பின்னணி இசை கேசட்டில் இருந்தது. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தபோது பதிவு செய்துகொண்டது. எங்கள் நால்வருக்கும் அது மற்ற எல்லாவற்றுக்கும் மேல். தாளத்தை வெறுக்கும் சுகுமார்கூட அதற்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார். அந்தப் படத்தை யாரும் பார்க்கக்கூடாது என்பது டாக்டர் வைத்த விதி. "படத்தைப் பாத்தவங்களுக்கு இங்க நாற்காலி கெடையாது" என்பார். கேசட் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் மனதில் ஓடிய படத்தைச் சொல்லவேண்டும்.

சுகுமாரின் படத்தில் பாலைவனத்தில் ஒரு ரயில் நின்றுபோயிருக்கும். ஜமீலின் படத்தில் ஒரு வங்கியின் பெட்டக அறை உள்ளிருந்து திறக்கும். "பாய், ஞாயித்துக்கிழமையாவது பேங்கை மூடுங்க" என்று சுகுமார் சீண்டுவார். வருடங்கள் போகப் போக அந்த ரயிலில் பயணிகள் ஏறினார்கள், பெட்டகக் கதவின் நிறம்கூட எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. டாக்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று சொல்வார். ஒருநாள் கப்பல், ஒருநாள் மழையில் ஒரு சந்தை, ஒருநாள் யாரும் இல்லாத ஒரு மைதானம். ஒன்றைக்கூட இரண்டாம் முறை சொன்னதில்லை. நான் அதைக் கவனித்திருந்தேன். கற்பனைவளத்தைக் காட்டிக்கொள்கிறார் என்றே நினைத்தேன். என் முறை வரும்போது, "எனக்கு ஒன்னும் தெரியல" என்பேன். உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. அவர் வற்புறுத்தியதில்லை.

எனக்கும் ஒரு படம் வந்தது ஒரு பௌர்ணமி ஞாயிறன்று. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துதான் அவர் வீட்டை அடைந்தோம். வெளியே ஒலிபெருக்கிகள். அன்னதானப் பந்தலில் பாட்டு, சுண்டல் வியாபாரம், காணாமல்போனவர்கள் பற்றிய அறிவிப்பு. இன்று ஒன்றும் கேட்காது, கிளம்பலாம் என்றார் சுகுமார். டாக்டர் எழுந்துபோய்ச் சாத்தியிருந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவைத்தார். "ரெண்டையும் சேத்துக் கேப்போம்."

அந்தப் படத்தின் கேசட் ஓடியது. முதலில் இரைச்சல்தான். பிறகு வெளியே போகிற வெறுங்கால்களின் ஓசை எனக்குத் தனியாகக் கேட்டது. ஆயிரக்கணக்கான பாதங்கள், ஒன்றுக்கொன்று சேராமல், நிற்காமல். ஸ்பீக்கரில் அதே சுரங்கள், நிற்காமல். எது உள்ளே, எது வெளியே என்று பிரிக்க முடியாத ஒரு கணத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. எனக்கு அப்படி நிகழ்வதில்லை. கேசட் முடிந்ததும் யாரும் கேட்காமலே சொன்னேன்: ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு பெண் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறாள். அவள் அணைக்க அணைக்க வெளியே வெளிச்சம் கூடுகிறது. சுகுமார் கேலி செய்யவில்லை. டாக்டர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல படம் மேடம். அதை விட்டுடாதீங்க" என்றார்.

சென்ற ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்து வேலூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்கப் போனேன். மலர்விழி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். எனக்கு நோயாளிகளிடம் பேசத் தெரியாது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "அந்தப் படம் இப்ப போன்லயே கெடைக்குது டாக்டர். இந்த ஓய்வுலயாவது பாத்துடலாமே" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். "நான் பாத்துட்டேன் மேடம்."

கல்லூரியில் இருந்தபோது ஒரு திரைப்படச் சங்கத்தில் போட்டார்களாம். அதற்கு முன்பே கேசட் அவரிடம் இருந்தது. விடுதி அறையில் மாதக்கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஒரு படம் உருவாகியிருந்தது. அது என்ன படம் என்று கேட்டேன். "அதான் போயிடுச்சே" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "படம் மோசம்னு சொல்லமாட்டேன். ஆனா நம்ம இசை வர்ற எடத்துல ஒருத்தன் ஓடறான், பின்னால சுடறாங்க. பாதியில வெட்டிட்டுப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அன்னையிலேருந்து கண்ணை மூடினா அவன்தான் ஓடறான். எவ்ளோ வெரட்டினாலும் போகமாட்டேங்கறான்."

அப்படியானால் வாராவாரம் சொன்ன கப்பலும் சந்தையும்?

"எதனா ஒன்னு நிக்குமான்னு பாத்தேன். நிக்கல. உங்க மூணு பேருக்கும் நின்னுச்சு. அதைக் கேக்கத்தான் உக்காந்திருந்தேன்." சற்று நிறுத்தி, "உங்க வெளக்கு அணைக்கற அம்மா எனக்கும் சில நேரம் வர்றாங்க மேடம். அப்ப மட்டும் அவன் கொஞ்சம் ஒதுங்கி நிக்கறான்" என்றார்.

காட்டிக்கொள்கிறார் என்று நான் நினைத்த அத்தனை ஞாயிறுகளிலும் அவர் தொலைத்ததைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். தனக்குத் திரும்பக் கிடைக்காத ஒன்று எங்களிடம் தொலையாமல் இருக்க ஒரு விதியை வைத்து, எங்கள் கேலியை வாங்கிக்கொண்டு அதைக் காத்திருக்கிறார். ஒரு ரசிகர் இவ்வளவு பெரியவராக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மலர்விழி வரும் சத்தம் கேட்டதும், "நான் இருக்கற வரைக்கும் சொல்லிடாதீங்க. சுகுமாரு ஓட்டியே கொன்னுடுவான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வரும் ஞாயிறன்று சுகுமாரின் கஃபேயில் டாக்டரின் நினைவாக அந்தப் படத்தைத் திரையிட சுகுமாரும் ஜமீலும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். "பாக்காமலே போயிட்டாரே மேடம், அவருக்காகவாவது நாம பாக்கலாம்" என்று ஜமீல் சொன்னபோது குரல் உடைந்தது. அந்த அன்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் பார்க்காமல் போகவில்லை. பார்த்ததால்தான் எங்களைத் தடுத்தார். இதற்குப் பிறகும் திரையிடுவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அந்த ரயிலும் அந்தப் பெட்டகமும் அவர்களுடையவை. நான் வரமாட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த மாலையில் அந்த இசையை ஒருமுறை போட்டேன். என் படம் இத்தனை வருடங்களில் மாறியதே இல்லை. அவள் எப்போதும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். கடைசித் தாழ்வாரம் வந்தபோது இசையை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நில்லுங்க, மாறும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நின்றேன்.

தாழ்வாரத்தின் கோடியில், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸுக்கு மேலே, ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அவள் அணைக்கவில்லை.