துல்லியம் சார் போட்ட மேகம்

"என் வரைபடத்துல மேகம் போட இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்!"

இந்தத் திருவாக்கு ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில், வாயில் இருந்ததை விழுங்குவதற்கு முன்பே அருளப்பட்டது. அருளியவர் மூத்த வரைபடக்காரர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'துல்லியம் சார்'. அதில் பாதி மரியாதை, மீதி வயிற்றெரிச்சல்.

மேகம் என்றால் வானத்தில் போவது அல்ல. வரைபடத்தில் தப்பு கண்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பில் நெளிநெளியாக வளைத்துப் போடும் கோடு. அந்த அலுவலகத்தில் எல்லோர் வரைபடமும் மழைக்காலம்போல் இருக்கும். துல்லியம் சாருடையது மட்டும் பளிச்சென்று வெளியே போகும். அதில் தப்பைத் தேடித் தேடி ஏமாந்தவர்களில் முதல்வர் அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. கட்டுமானத் தளங்களில் பொறியாளராக இருப்பவர்.

"ஒரு நாள் போடுறேனா இல்லையா பாருங்க மாமா."

"போடு மாப்ள. அதுக்கு முன்னாடி வரைபடத்தை நேரா பிடிக்கக் கத்துக்கோ."

காகிதமும் சிவப்புப் பேனாவும் போய், பிடிஎஃப் கோப்பில் குறிப்பெழுதும் மென்பொருள் வந்தபோது மற்றவர்கள் முனகினார்கள். சார் மட்டும் அதோடு குடித்தனமே நடத்தினார். பழைய வரைபடத்தின்மேல் புதியதை வைத்து, மாறிய கோட்டை மட்டும் வேறு நிறத்தில் காட்டும் வசதியைப் பார்த்த அன்று அவர் சாப்பிடவில்லை. கதவு, கழிப்பறை, சக்கர நாற்காலி, நோயாளியைத் தள்ளும் வண்டி என்று எல்லாவற்றையும் நிஜ அளவில் சேர்த்து வைத்த கருவிப்பெட்டியை, பிறர் தங்கள் பிள்ளைகளின் புகைப்படத்தைக் காட்டுவதுபோல் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையை மகளின் பள்ளிச் சுற்றறிக்கையில்கூடக் குத்தினார்.

"என்னங்க, என் சமையலுக்கும் ஒண்ணு குத்துறது?" என்றார் மனைவி.

"முதல்ல உப்பை அளந்து போடு. அப்புறம் பார்க்கலாம்."

அன்று அவருக்கு இரவுச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆனால் எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது திரையிலேயே அளக்கும் வசதிதான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலில் இரண்டு புள்ளிகளைத் தொட்டு, "இதுக்கு நடுவுல இவ்வளவு தூரம்" என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பக்கத்துக்கு மட்டும்தான் அது சத்தியவான்.

ஒரு மருத்துவமனை வரைபடம். அதை வெளியே அனுப்பும் அவசரத்துக்கு நடுவே குழாய்க்காரர்கள் வந்து, குழாய் இறங்க இடம் கேட்டார்கள். சார் நடைபாதைச் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மிச்ச அகலத்தைத் திரையில் அளந்தார். ஒன்றரை மீட்டர். தாராளம். முத்திரை விழுந்தது, கோப்பு பறந்தது, வழக்கம்போல் மேகமில்லாமல்.

சில நாள் கழித்து மைத்துனர் தளத்திலிருந்து கூப்பிட்டார். "மாமா, செங்கல் வந்தாச்சு, கொத்தனார் நிக்கிறார். நடைபாதை முனையில நோயாளி வண்டி திரும்புமான்னு டாக்டரம்மா கேக்குறாங்க. திரும்பும்ல?"

"வண்டி என்ன, உன் கல்யாண ஊர்வலமே திரும்பும். இரு, படமாவே அனுப்புறேன். பார்த்துட்டு வாயை மூடு."

மைத்துனரின் வாயை அடைக்கும் ஆசையில் சார் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். வினை அங்கேதான் இருந்தது. பக்கத்தைத் திறந்தார், இரண்டு புள்ளிகளைத் தொட்டார், தூரத்தைச் சொல்லிக்கொடுத்தார். சொன்ன மாத்திரத்தில், அவர் எழுதிவைத்த ஒன்றரை மீட்டர் கண்ணெதிரே சுருங்கி ஒரு மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டர் ஆயிற்று.

அன்றைய அவசரத்தில் முந்தின பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்த அளவையே இந்தப் பக்கத்துக்கும் நம்பிவிட்டார். அது சுருக்கி எடுத்த பக்கம், இது முழு அளவுப் பக்கம். கருவிப்பெட்டியிலிருந்து வண்டியை எடுத்து முனையில் வைத்தார். இடித்தது. சாய்த்து வைத்தார். இடித்தது. பின்னோக்கித் தள்ளிப் பார்த்தார். நோயாளியின் கால் சுவருக்குள் போயிற்று.

கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

சத்தமில்லாமல் சுவரை நகர்த்தி, பழைய கோப்பின்மேலேயே சேமித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. சங்கடமே அதுதான், தளத்திலும் யாருக்கும் தெரியாது. ஒரு வரைபடத்தை அங்கே ஒருவரும் இரண்டாம் தடவை முழுதாகப் படிப்பதில்லை. மேகம் எங்கே என்று மட்டும் பார்ப்பார்கள். இல்லையென்றால் பழைய தாளை நம்பிச் சுவரை எழுப்பிவிடுவார்கள். பிறகு என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் அந்த முனையில் வண்டியோடு சிக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

அதுவரை பிறர் தலையில் மட்டுமே போட்ட மேகக் கருவியை எடுத்தார். சிவப்பு. நடைபாதை முனையைச் சுற்றி வளைத்தார். ஓரத்தில் அவர் பெயரையும் நேரத்தையும் மென்பொருளே போட்டுக்கொண்டது. அதற்கு நன்றி விசுவாசம் என்பதே கிடையாது. குறிப்பில், 'அளவு மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளது' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். யாரோ செய்ததுபோல் இருந்தது. அழித்தார்.

'அகலம் போதாது. சுவர் கட்ட வேண்டாம். தப்பாக அளந்தது நான்.'

அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பல வருஷக் கேலியை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராகக் காதில் வைத்தார்.

மறுமுனையில் மைத்துனர் முதலில் கொத்தனாரிடம் ஏதோ சொன்னார். பிறகு, "வேலையை நிறுத்திட்டேன் மாமா" என்றார். "மேகம் கொஞ்சம் சின்னதா இருக்கு. கொத்தனார் கண்ணுக்குத் தெரியல."

துல்லியம் சார் ஓரத்தைப் பிடித்து இழுத்து, அதைப் பெரிதாக்கினார்.