சித்தப்பாவின் இத்தாலிக் கேமரா

சித்தப்பா ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். இத்தாலியக் கப்பல் ஒன்றின் சமையற்காரனுக்கு ஒரு ஜோடி பச்சைக்கிளியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கேமரா வாங்கிவந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள். மேல்மூடியைத் தூக்கி, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்க வேண்டும். ராயபுரத்தில் எங்கள் சந்தில் அதன்முன் நிற்காதவர்கள் இல்லை. படம் கைக்கு வந்தவர்களும் இல்லை. கேட்டால், "கழுவக் குட்த்துக்கீறேன்" என்பார்.

எனக்கு ஏழு வயது. அம்மா நிறைமாதமாக இருந்தாள். கல்யாணத்துக்குக்கூடப் போட்டோ எடுத்துக்கொள்ளாதவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் தானாகவே கேட்டாள். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சிரிச்சா பரவால்லியா தம்பி?"

"சிரி அண்ணி. உள்ளத உள்ளபடி காட்டும் இந்த மிஷினு."

தெற்றுப்பல் தெரியும் என்று எப்போதும் உதட்டை மூடிக்கொள்கிறவள், அன்று மூடவில்லை.

சாயங்காலம் கேமரா கட்டிலின்மேல் கிடந்தது. அம்மா உள்ளே எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஆசை. கொக்கியை நெம்பிப் பின்கதவைத் திறந்தேன். கறுப்புப் பூச்சுப் பூசிய வெறும் பெட்டி. அம்மா இன்னும் வந்து சேரவில்லை போலும் என்று மூடிவிட்டேன். ஃபிலிம் சுருள் என்று ஒன்று உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருடம் இருந்தது. தலைநிமிர்ந்தால் வாசற்படியில் சித்தப்பா. திட்டவில்லை. கேமராவை எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பிரசவத்துக்குப் போன அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்பு, பெரிதாக்கி மாட்டுவதற்காக நைனா அந்தப் படத்தைக் கேட்டார். வீடு நிறைய உறவுக்காரர்கள். சித்தப்பா சற்று நேரம் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா தொறந்துட்சி அண்ணா. வெளிச்சம் பூந்து அல்லாம் பூட்ச்சி."

நைனா என் பக்கம் திரும்பினார். "தொறந்தியா?"

"ஆமா நைனா."

அடித்திருந்தால் தேவலை. அவர் எழுந்து வெளியே போனார். அதன்பிறகு கோயிலுக்குப் போகையில் என் தம்பியின் கையை மட்டும்தான் பிடித்துக்கொள்வார். அம்மா போனபோது தம்பிக்கு இரண்டு வயது. "அம்மா எப்டிக்கா இருக்கும்?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், உன் அம்மாவின் முகத்தை அழித்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே பதில் சொல்வேன்.

நைனா படம் கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் சித்தப்பா என்னைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனார். சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். தலையைத் தடவினார். கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"அழாத கண்ணு. சித்தப்பா ஒண்ணும் நெனச்சிக்கல."

அந்த வீட்டில் என்னை மன்னித்தவர் அவர் ஒருவர்தான் என்று நம்பினேன். அன்று முதல் பல வருடங்கள் என் ஜெபத்தில் நைனாவுக்கும் முன்னால் சித்தப்பாவுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.