கேட்டு வாங்குகிற ஆட்டம்

மாமனாருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒரு மாதம் அவருடைய எலெக்ட்ரிக்கல் கடையைப் பார்த்துக்கொள்வோம் என்று கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காரைக்குடிக்கு வந்தேன். என் மனைவி அவருக்கு ஒரே பெண். லீவு நீண்டு வேலையே போயிற்று. நான் கடைக்காரனாகவே ஆகிவிட்டேன்.

மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட்டதும் மாமனார், மாமியார், மனைவி, நான் என நான்கு பேரும் சீட்டாட உட்கார வேண்டும். ஆளுக்கு ஐந்து சீட்டு, மீதிக் கட்டு நடுவில் கவிழ்ந்திருக்கும். கையில் ஒரு ராணியாவது இருந்தால்தான் அடுத்தவரிடம் ராணி கேட்கலாம். அவரிடம் இருந்தால் அத்தனையையும் கொடுத்துவிட வேண்டும், மறைக்கக் கூடாது. இல்லையென்றால் நடுக்கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால் ஒரு செட்டு. மாமனார் ஒரு டப்பாவில் அரிசியை நிரப்பி, அதில் சீட்டுகளை நட்டு வைத்துக்கொண்டு வலது கையால் ஆடுவார். கடைசிச் செட்டு விழும்வரை யாரும் எழக் கூடாது என்பது அவர் போட்ட விதி. அந்த வெக்கையில், அந்த ஃபேனுக்குக் கீழே, எனக்கு மூச்சு முட்டும்.

கோயம்புத்தூரிலேயே வேறு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அங்கிருந்து போன் வந்தது. சட்டைப் பையில் அது அதிர்ந்துகொண்டே இருக்க, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து முற்றத்துக்குப் போய்ப் பேசினேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது ஆட்டம் அப்படியே நின்றிருந்தது.

"யாரு?" என்றாள் மனைவி.

சொன்னேன். மாமியார் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். மாமனார் மட்டும் டப்பாவைப் பார்த்தபடி, "ஒங்க முறைதான் மாப்ள, கேளுங்க" என்றார்.

"மாமா, நான் போகட்டுமா?"

"வேணாம்னா நின்னுருவீகளா?"

"நின்னுருவேன்."

"அதான் நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். போயிட்டு வாங்க."

அதற்குப் பிறகுதான் போவது கடினமாயிற்று. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதும், கழிவறைக்குக் கூட்டிப்போவதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவரைத் தூக்கியபோது, என் கையில் பாரத்தைக் குறைக்க நினைத்தவர் போல வலது காலைத் தரையில் அழுத்தமாக ஊன்றினார். அன்றே கம்பெனியிலிருந்து பேசியவருக்குப் போன் செய்து வர முடியாது என்றேன்.

மனைவிக்குக் கோபம். "நீங்க போகாததுக்கு எங்கப்பாவச் சாக்குச் சொல்லாதீக. அவுகதான் போங்கன்னுட்டாகல்ல?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அந்த மூஞ்சிதான் சொல்லுதே."

அவள் சொன்னது சரிதான். போகும் வழி திறந்து கிடந்தது, நானாகத்தான் நின்றேன், ஆனாலும் யாரோ கட்டிப்போட்டது போலவே நடமாடினேன்.

அந்த வாரமே மாமனார் என்னைக் கேட்காமல் பக்கத்து ஊரான மானகிரியிலிருந்து தன்னைத் தூக்கிவிட ஒரு ஆளை வரவழைத்துவிட்டார். காலையும் மாலையும் அந்த ஆள் வந்து தூக்கிவிட்டுப் போகிறார். அதற்குள் கம்பெனியில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

இப்போது மதியத்தில் யாரும் சீட்டுக்கட்டை எடுப்பதில்லை, என்னை உட்காரச் சொல்வதுமில்லை. சாப்பிட்டதும் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.