மூக்கு முட்டும் தேநீர்

பாலைத் தாராளமாக விட்ட தேநீரை மியூரியல் ஓல்ராய்ட் உடனே குடிப்பதில்லை. ஜன்னலோரம் வைத்துவிட்டு மேகத்தை முறைப்பார். வெயில் வந்தால், அது கோப்பையின் உள்சுவரில் பட்டுத் தெறிக்க, தேநீர்மேல் இரண்டு ஒளிப்பிறைகள் மூக்கோடு மூக்கு முட்டும். அந்த மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, அடியிலுள்ள சாஸரில் அவர் மாதவாரியாக வரைந்த கோடுகளில் எதற்கு நேராக நிற்கிறது என்று பார்த்து மணி சொல்வார். "பதினொண்ணு ஆச்சு, கண்ணு. பிஸ்கட்டை எடு."

யார்க்ஷயரில் ஓட்டுநர் தேர்வு நடத்தி, ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கி ஓய்வு பெற்றவர். வண்டி ஓடும்போதே டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டுவார்; அவசரமாக நிறுத்து என்று அதற்குப் பொருள். உடனே பிரேக் போடாதவர் வீட்டுக்கு நடக்கலாம். சூரியக் கடிகாரச் சங்கத்தின் தலைவர் கத்பர்ட் ராக் பலமுறை நடந்தவர்.

அந்தச் சங்கத்தின் பட்டியலில் விநோதக் கடிகாரங்கள் பலவற்றுக்கும் ஒரு வகைப்பெயர் உண்டு. படுத்தது, சாய்ந்தது, சுவரில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, மேய்ப்பன் கோல், ஆளே நிழல்முள்ளாக நிற்பது. பெயரில்லாதவை 'இதர' என்னும் அநாதை விடுதியில் கிடக்கும். மியூரியலின் கோப்பையும் அங்கேதான் பல வருடமாக. பெயர் வேண்டுமானால் கூட்டத்தின் கண்முன்னே மணி காட்ட வேண்டும் என்பது விதி. கூட்டம் கூடினால் மழை என்பது வானத்தின் விதி. இந்தச் சனிக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் பட்டியல் அச்சுக்குப் போய்விடும். அடுத்த பதிப்பைப் பார்க்க மியூரியல் இருப்பாரோ என்னவோ.

சனிக்கிழமையும் கூட்டத்தின் தேநீர் இடைவேளைவரை தூறல்தான்.

"முள்ளும் இல்ல, நிழலும் இல்ல. இது எப்படி அம்மணி கடிகாரம்?" என்றார் ராக். "இதரவுலயே இருக்கட்டும்."

"நிழல் விழுந்தாப் போதும்னா நீயும் கடிகாரந்தான் கண்ணு. அதுவும் லேட்டா ஓடுறது."

அப்போது மேகம் கிழிந்தது. நீள மேசையில் இருந்த அத்தனை கோப்பைகளிலும் ஒரே திசையில் மூக்குகள் முட்டின.

"என் கப்புலயும்!" என்று பொருளாளர் ஈடித் கூவினார்.

ராக் சந்தேகத்தோடு தன் கோப்பையைத் திருப்பினார். கோப்பை திரும்பியது, மூக்கு திரும்பவில்லை. இன்னொரு முறை திருப்பினார். ம்ஹூம்.

மியூரியல் வடக்கு பார்த்து வைத்திருந்த தன் சாஸரைப் பார்த்து மணி சொல்ல, ஈடித் சூரிய மணிக்கும் கைக்கடிகார மணிக்கும் அன்றைக்குள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, "அப்படியே சரி!" என்றார். மண்டபம் கைதட்டியது.

ராக் எழுந்தார். "சரி, தோத்தேன். பேரு வச்சிடுவோம். உட்குழிவுப் பிரதிபலிப்பு ஒளிமுனைத் திசை..."

"டீக்கப் கடிகாரம்," என்றார் மியூரியல். "பிளம்பர்கிட்ட சொன்னா அவனுக்குப் புரியணும்."

"...அளவீட்டு மணிகாட்டிங்கிறதுதான் முறைப்படி..."

மியூரியல் ஸ்பூனை எடுத்து மேசையில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

ராக்கின் வாய் பாதியில் நின்றது. மேசைக்கடியில் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.