அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ரெம்பியா பாசாரில், மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது. அதுவரை எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சில நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற அம்மாவைப் பார்த்து அவர் வாயைத் திறந்தார்.

"மூதேவி."

எங்கள் வீட்டுக்கு அது புதிய சொல் இல்லை. சோறு ஆறியிருந்தால், சட்டை காயாமல் இருந்தால், அம்மா பக்கத்து வீட்டாரிடம் சிரித்துப் பேசினால் அதுதான். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

வார்டில் நர்ஸாக இருந்த மலாய்க்கார மிஸ்ஸிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நோயாளி பேசிவிட்டார். என்ன சொல்கிறார் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சற்றுத் தயங்கி, அது தன் பெயர் என்று மலாயில் சொன்னாள். அன்று முதல் அந்த வார்டில் அம்மா 'புவான் மூதேவி', அதாவது திருமதி மூதேவி, ஆனாள். மருந்து வாங்கக் கூப்பிட்டாலும் அப்படித்தான். அம்மாவும் எழுந்து போவாள். நான் ஒருமுறை திருத்தப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஊருக்கே தமுக்கு அடிக்க வேண்டுமா என்று கேட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சீனப் பெண் வந்தார். நல்ல பெண், பொறுமைசாலி. ஒரு சொல் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை இழுத்துவரலாம் என்றார். அம்மாவை அப்பாவுக்கு எதிரே உட்காரவைத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை, இன்னும் தெளிவாக அதைச் சொல்லச் சொன்னார். அப்பா சொன்னார். அந்தப் பெண் கைதட்டினார். அம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

நான் மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். மூளையைப் பற்றிய பாடம் அப்போதுதான் வந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கோர்த்துக் கொடுப்பது மூளையின் இடப்பக்கம். அங்கே அடிபட்டால் வலது கை விழும், பேச்சும் போகும். ஆனால் வாய்க்குப் பழகிப்போன வசவு, எண்ணிக்கை, பாட்டு போன்றவை சிலருக்குத் தப்பிவிடும். அவை யோசித்துப் பேசுகிற பேச்சில் சேராதவை. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு லேசானது.

வீட்டுக்குப் போனதும், நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா வேண்டுமென்றே சொல்லவில்லை, தண்ணீர் என்று நினைத்தாலும் வாயில் அதுதான் வரும் என்றேன். அம்மா நிமிரவில்லை.

"பழகுனதுதான் மிஞ்சும்னு நீயே சொல்ற. அவருக்கு என்ன பழக்கம்னு எனக்குப் படிச்சித் தெரியணுமா?"



விரிவுரையாளரிடம் சொன்னபோது, அப்பாவையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவரை வைத்து எல்லாருக்கும் பொதுவான முடிவு எடுக்கக்கூடாது, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், ஆய்வுக்கு உள்ளாகிறவரின் சம்மதம் முக்கியம் என்றார். அப்பா தலையசைத்துச் சம்மதித்தார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தவளின் சம்மதத்தை யாரும் கேட்கச் சொல்லவில்லை. நான் எழுதிய கட்டுரை நன்றாக இருக்கிறதென்று வகுப்பில் படிக்கச் சொன்னார்கள்.

பயிற்சி வீண்போகவில்லை. மாதங்கள் கழித்து ஒரு மதியம் அப்பா, "தண்ணி" என்றார். நான் அடுப்படிக்கு ஓடி அம்மாவை இழுத்துவந்தேன். அம்மா குவளையோடு வந்து நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். உதட்டைக் கூட்டி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் சொன்னார்.

"தண்ணி குடு, மூதேவி."

இது தானாக வந்து விழுந்ததில்லை என்பது எனக்கே தெரிந்தது. அம்மா குவளையை என் கையில் கொடுத்தாள்.

"இப்பதான் ஒழுங்கா பேசுறாரு," என்றாள்.

அடுத்த வாரமே தங்கா பத்துவில் ஒரு பள்ளிக் கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் இந்தோனேசியப் பெண்ணை வைத்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது. அப்பா என்ன சொல்லி அழைத்தாலும் சிரித்த முகத்தோடு வந்து நிற்கிறாள்.