மூன்று வருடத் தசமபாகம்

இதை எழுதவே பயமாக இருக்கிறது. வாசித்த பிறகு நம் சபையில் சிலர் என் பக்கத்துக் கதிரையில் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைப்பது அதைவிடப் பயம்.

1994 மார்ச் மாதம். என் மகள் அபிராவுக்கு ஏழு வயது. கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் என் அக்காவோடு இருந்தாள். மூன்று வயதில் அவளை விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருடம் வருமான வரி பதிந்த பத்திரங்களை அறுபது நாளுக்குள் அனுப்ப வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் தையல் ஃபாக்டரியில் நின்றேன். அதை மூடிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு வேறு வேலை அகப்படவில்லை. விமான நிலையப் பக்கம் ஒரு மதுக்கடையில் கிளாஸ் கழுவப் போனேன். பிறகு அதே கடையில் ஆண்களுக்கு முன்னால் உடுப்பைக் களைந்து ஆடுகிறவளானேன். சபையில் கேட்டவர்களுக்கு ஹோட்டலில் துப்புரவு வேலை என்றேன்.

வரி என்றால் முதலாளி சம்பளத்தில் வெட்டிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். ஃபாக்டரியில் அப்படித்தான் நடந்தது. மதுக்கடையில் எங்களுக்குச் சம்பளமே இல்லை. நாங்கள் சொந்தத் தொழில் செய்கிறவர்களாம். வாடிக்கையாளர் தருவதுதான் வருமானம். அதை நாங்களே எழுதி வைத்து, நாங்களே வரி பதிய வேண்டுமாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சோறு இறங்கவில்லை. பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். தபால்காரரின் சத்தம் கேட்டாலே கதவைப் பூட்டிக்கொள்வேன். அபிரா போனில், "அம்மா, எனக்கு எப்ப ரிக்கற் வரும்?" என்பாள். "கெதியா, குஞ்சு" என்பேன். முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எனக்காகக் கேட்கவில்லை, பிள்ளைக்காகக் கேட்கிறேன்" என்று அழுவேன். ஒரு பதிலும் இல்லை. நாள்தான் போனது. என் முகத்தைப் பார்க்கவே அவருக்கு விருப்பமில்லை என்று நம்பிவிட்டேன்.

நாற்பதாவது நாள் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டுக்குப் போனேன். செல்வராசா அண்ணை அங்கே இருந்து தமிழ்ச் சனத்துக்கு வரி நிரப்பிக் கொடுப்பார். ஒரு விசுவாசியிடம் நடத்தும் என்றுதான் ஜெபித்திருந்தேன். இவர் நெற்றி நிறையத் திருநீறு.

"பிள்ளை, எங்கை வேலை?" என்றார்.

சொல்லிவிட்டேன். அவர் பேனையை மூடி வைத்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆர் சம்பளம் தாறது?"

"ஒருத்தரும் தாறேல்லை, அண்ணை. ஒவ்வொரு நாளும் நான்தான் கடைக்காரனுக்குக் காசு கட்டிப்போட்டு மேடையில ஏறுறது."

"வேலை செய்யிறதுக்கு நீர் காசு குடுக்கிறீரோ? நல்ல முதலாளி! சரி, உழைச்சதை எங்கை எழுதி வைச்சனீர்?"

"எழுதேல்லை."

"ஒரு துண்டும் இல்லையோ? பின்னை நான் என்னத்தை வைச்சு நிரப்பிறது? கற்பனையில எழுதச் சொல்லுறீரோ?"

எனக்கு அழுகை வந்தது. கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். காகிதங்கள் எல்லாம் கீழே கொட்டின. அவர்தான் குனிந்து பொறுக்கினார். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதென்ன ரசீது?" என்றார்.

"சபையில வருசக் கடைசியில தாறது. தசமபாகத்துக்கு."

"அதென்ன அது?"

"உழைக்கிறதில பத்திலொண்டு ஆண்டவருக்குக் குடுக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் உறையில போடுவன்."

"மனசுக்கு வந்த மாதிரியோ, சரியாப் பத்திலொண்டோ?"

"சரியாத்தான், அண்ணை. ஒரு சதம் குறைஞ்சாலும் பிள்ளைக்கு ஏதும் நடந்திடுமெண்டு பயம்."

"கடைக்காரனுக்குக் கட்டினதைக் கழிச்சோ?"

"ஓம். அந்தக் காசு எனக்கு நிக்கிறேல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அடி பிள்ளை! அரசாங்கத்துக்கு ஒளிச்ச கணக்கையெல்லாம் உம்மடை கடவுளுக்குக் காட்டியிருக்கிறீர். பத்தால பெருக்கினா உம்மடை வருமானம் வருது. மற்ற வருசத்து ரசீதுகள் எங்கை?"

மூன்றும் இருந்தன. நான் எதையும் எறியப் பயப்படுகிறவள்.

"ஒத்துக்கொள்ளுவினமோ தெரியாது. உள்ளதை உள்ளபடி எழுதி, ரசீதுகளையும் வைச்சு அனுப்புவம்" என்றார்.

"எங்கடை சனத்துக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை."

"சொன்னா நாளைக்கு ஆர் என்னட்டை வருவினம்? கையெழுத்தைப் போடும்."

வரி அலுவலகத்திலிருந்து பத்திரங்கள் வந்தன. அறுபது நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் குடிவரவு அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். வரியையும் வட்டியையும் மாதாமாதம் கட்டும்படி வரி அலுவலகம் சொன்னது. அதைக் கட்ட இன்னும் எட்டு மாதம் அதே மேடையில் ஆடினேன். ஒவ்வொரு நாளும் செத்தேன். இதையும் ஒளிக்கவில்லை. பிறகு முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான்.

1995 நவம்பரில் அபிரா வந்தாள். என்னைப் பார்த்ததும் விமானப் பணிப்பெண்ணின் பின்னால் ஒளிந்தாள். இப்போதும் நித்திரையில் என் அக்காவைத்தான் கூப்பிடுகிறாள். எழும்பிப் பார்த்தால் பக்கத்தில் நான். கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் படுப்பாள். அந்தப் பிடிக்காக என் தேவனுக்கு ஆயிரம் தோத்திரம்.

என்னைப்போல் வெட்கப்பட்டு ஜெபிக்கவே கூசுகிற சகோதரியே, சுத்தமான பிறகு அவரிடம் போகலாம் என்று இருந்துவிடாதே. நான் அப்படி இருந்திருந்தால் என் பிள்ளை இன்னும் கொழும்பில்தான் இருப்பாள்.